மைக் எங்கே இருக்கிறது

2025-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த வாரத்தில், ராமநாதபுரத்தில் தொண்டிப் பேருந்துக்காகக் காத்து நின்றபோது என் அத்தை மகனிடம் நான் சொன்ன ஒரு கருத்து இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அவன் சென்னையில் வேலை பார்ப்பவன். இசையை என்னைவிடப் பரந்து கேட்பவன். ஜாஸ், ஹிப்ஹாப், மின்னணு இசை, கச்சேரி என்று எதையும் ஒதுக்குவதில்லை. மாதத்துக்கு ஓர் ஆல்பமாவது எனக்கு அனுப்பிவிட்டு, என்ன நினைக்கிறாய் என்று கேட்டு நச்சரிப்பான். அந்த முறை அனுப்பியிருந்தது, ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் என்ற பெயரில் இசையமைக்கும் சாம் ஷெப்பர்டும், சாக்ஸஃபோன் கலைஞர் ஃபரோவா சாண்டர்ஸும், லண்டன் சிம்பொனி இசைக்குழுவும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட 'ப்ராமிசஸ்'. இரண்டு முறை கேட்டிருந்தேன். "சத்தமே இல்லாத பாட்டுக்கு எதுக்கு மாப்ள ஓர் ஆல்பம்?" என்றேன். குளிரூட்டிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வசதி உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்ட இசை இது என்றும், நம் ஊரில் கதவைச் சாத்தினால் புழுங்கும், திறந்தால் இரைச்சல் என்றும் சொன்னேன். அவன் எதிர்வாதம் செய்யவில்லை. "மாமாக்குப் போட்டுக் காட்டினியா மச்சான்?" என்று மட்டும் கேட்டான். மாமா என்று அவன் சொன்னது என் அப்பாவை. அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது என்பது அவனுக்கும் தெரியும். கேட்காதவருக்கு எதைப் போட்டுக் காட்டுவது என்று பதில் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டேன். சன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் இரண்டு வாக்கியங்களுமே தவறாகச் சொல்லப்பட்டவை என்று தோன்றியது. ஏன் தவறு என்று அப்போது தெரியவில்லை.

அப்பாவின் குழாய்

தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த ஒரு சிற்றூரில் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் மைக் செட் வைத்திருந்தார். அம்மன் கோயில் முளைக்கொட்டு, தர்கா கந்தூரி, மாதா கோயில் கொடியேற்றம், கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று சுற்றுவட்டாரத்தில் எந்த நிகழ்ச்சிக்கும் அவருடைய செட்டுத்தான். பனைமரத்திலோ சவுக்குக் கம்பத்திலோ இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டுவார். ஒன்று ரோட்டைப் பார்த்திருக்கும், மற்றது கடலைப் பார்த்திருக்கும். கடலைப் பார்த்த குழாய்க்குப் பணம் கொடுத்தவர் யாருமில்லை. ராத்திரி வலைக்குப் போனவர்களுக்கும் ஊரில் விசேஷம் நடப்பது கேட்க வேண்டும் என்பது அவருடைய சொந்தத் தீர்மானம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒலி காற்றோடு சேர்ந்து கடலுக்குள் நெடுந்தூரம் போகும். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் மாதங்களில் அதே பாட்டு மேலெழும்பி, கடலில் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே தேய்ந்துவிடும். காற்றின் திசையில் போகும் ஒலி தரையை நோக்கி வளையும், எதிர்க்காற்றில் போவது வானத்தை நோக்கி வளையும் என்பதை நான் பிற்பாடு பாடப்புத்தகத்தில் படித்தேன். அப்பா குழாயின் முகத்தை எத்தனை விரல் தாழ்த்துவது என்ற கணக்காக அதை வைத்திருந்தார்.

அந்தக் குழாய்க்கென்று ஓர் இசை ரசனை உண்டு. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிகளை அது பெரும்பாலும் விட்டுவிடும். தவிலின் கூர்மையாக ஒலிக்கும் வலந்தலை கேட்கும், கனத்து ஒலிக்கும் தொப்பி கேட்காது. நாகஸ்வரமும் உயர்ந்த குரலும் கத்திபோலப் பாயும். ஆகையால் அப்பா பாட்டுகளைத் தொலைவுக்குப் போகிறவை, போகாதவை என்று இரண்டே வகையாகப் பிரித்திருந்தார். போகிறவற்றில் முதலிடம் நாகூர் ஹனீபாவுக்கு. 1925-இல் ராமநாதபுரத்தில் பிறந்தவர் என்ற உரிமையும் அதில் கொஞ்சம் உண்டு. 'இறைவனிடம் கையேந்துங்கள்' எங்கள் பக்கம் கந்தூரியில் மட்டும் ஒலித்ததில்லை. கோயில் திருவிழாவிலும் மாதா கோயில் திருவிழாவிலும் அதைப் போடாமல் அப்பா இரவை முடித்ததில்லை. அந்தக் குரலுக்கு ஆம்ப்ளிஃபையரே தேவையில்லை, மரியாதைக்கு வைத்திருக்கிறோம் என்பார்.

அவர் அஞ்சிய ஒரே பொருள் மௌனம். பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்கும் இடைவெளியைக்கூட இரண்டு டேப்ரெக்கார்டர்களை மாற்றி மாற்றி ஓட்டி மூடிவிடுவார். ஒரு நிமிடம் செட்டு நின்றால், "என்ன, யூனிட் போயிருச்சா?" என்று விழா வீட்டிலிருந்து ஆள் ஓடி வரும். குழாயின் பின்னால் இருந்து ஒலி எழுப்பும் பாகத்தைத்தான் யூனிட் என்போம். எனவே அவருடைய வலது கை எப்போதும் ஆம்ப்ளிஃபையரின் குமிழுக்கு அருகிலேயே இருக்கும். உட்கார்ந்து சோறு தின்னும்போதுகூட இடது பக்கம் நகர மாட்டார்.

மைக் பிடிக்கத் தெரியாதவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரக்கடை." அதைவிடக் கிட்டப் பிடித்தால் குரல் தடித்து, 'ப'கரம் வரும் இடமெல்லாம் வெடிக்கும். எட்டப் பிடித்தால் பந்தலும் பிள்ளைகளின் அழுகையும் அண்டாவில் கரண்டி மோதுவதும் குரலுக்கு முன்னால் வந்து நிற்கும். என் பதினாறாவது வயதில், ஒப்பாரி பாட வந்த கிழவியிடமும், வாக்குக் கேட்க வந்த வேட்பாளரிடமும் அதே நான்கு விரல்களை மடக்காமல் நீட்டிக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொழில் வாசகம் இந்தக் கட்டுரைக்குள் வரும் என்று நான் எண்ணியதே இல்லை.

பேருந்தில் கேட்ட இசை

கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளுக்குத் தடை வந்து, பெட்டி ஸ்பீக்கர்கள் வாடகைக்கு வந்தபோது அப்பா கடையை மூடினார். எனக்கு ராமநாதபுரத்தில் அலுவலக வேலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஓர் ஆல்பத்தை முழுதாகக் கேட்கும் வழக்கம் எனக்கு அந்தப் பேருந்தில்தான் வந்தது. அதனாலேயே என் கருத்துகள் யாவும் பேருந்தின் இரைச்சலுக்குள் உருவானவை. நடத்துநரின் விசில், ஓட்டுநர் தன் தலைக்கு மேல் ஒலிக்க விடும் பழைய பாட்டு, சன்னல் கம்பியின் நடுக்கம் எல்லாவற்றையும் மீறி என் காதுக்குள் வந்து சேர்ந்த இசையே நல்ல இசை என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். அப்பா கடலுக்கு வைத்த சோதனையை நான் பேருந்துக்கு வைத்துக்கொண்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சோதனையில் தேறியவை உண்டு. 2023-இல் 'மாமன்னன்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் இசையில் வடிவேலு பாடிய 'ராசா கண்ணு' முதல் நாளே தேறியது. பாடகர் அல்லாத ஒருவரின் அடிபட்ட குரலை மெழுகிப் பளபளப்பாக்காமல், பாட்டின் முன்னால் அப்படியே நிறுத்தியிருந்தார்கள். ராப் பாடகர் அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' தேறியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சித் ஸ்ரீராம் 2023-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சித்தார்த்' பாதி தேறியது. அந்தக் குரலைத் திரையிலும் கச்சேரியிலும் கேட்டுப் பழகிய எனக்கு, அடுக்கடுக்கான ஒலிகளுக்கிடையில் அது ஓர் இழையாகச் சுருங்கி ஒலிப்பது ஏமாற்றமாக இருந்தது. துணிச்சலான முயற்சி என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் திரும்பத் திரும்பக் கேட்க மனம் போகவில்லை.

தேறாதவற்றில் ஒன்று ஆந்த்ரே 3000-இன் 'நியூ புளூ சன்'. அவுட்காஸ்ட் குழுவில் ராப் பாடி உலகப் புகழ் பெற்றவர், 2023 நவம்பரில் ஒரு சொல்கூட ராப் பாடாமல், குழலை எடுத்து ஊதி, எட்டுப் பாடல்களில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேர ஆல்பம் வெளியிட்டார். உண்மையில் ராப் ஆல்பம்தான் செய்ய நினைத்தேன், ஆனால் காற்று என்னை இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டது என்ற பொருளில் முதல் பாடலுக்கு நீண்ட பெயர் சூட்டியிருந்தார். காற்றின் பேச்சைக் கேட்டுத் திசை மாற்றிக்கொள்வது எங்கள் ஊரில் அன்றாடக் காரியம் என்பதால் அந்தப் பெயர் எனக்கு உடனே பிடித்தது. இசை பிடிக்கவில்லை. திருப்பாலைக்குடியில் ஏறியவர்களின் பேச்சில் அந்தக் குழல் கரைந்துபோயிற்று. 'ப்ராமிசஸ்' அதைவிடவும் மோசமாகத் தோற்றது. ஒன்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, இடையறாத ஒரே படைப்பாக 46 நிமிடம் ஓடும் அந்த இசையில், ஏழு சுரங்கள் கொண்ட ஒரு சிறு தொடர் மின்னி மின்னித் திரும்ப வருகிறது. பெரும்பகுதி நேரம் அது அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பேருந்தில் எனக்குக் கேட்டது அந்த மின்னலின் நுனியும், எப்போதாவது எழும் சாக்ஸஃபோனும்தான்.

தடைக்காலத்து மதியம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகும், விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஆண்டு முழுவதும் விடியற்காலையில் கேட்கும் எஞ்சின் முழக்கம் அப்போது இருக்காது. மீன் ஏலமும் ஐஸ் உடைக்கும் சத்தமும் பாதியாகும். கரை இவ்வளவு அமைதியாக இருக்கக்கூடியது என்பதே அந்த இரண்டு மாதங்களில்தான் நினைவுக்கு வரும். 2025 மே மாதத்தில் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மின்சாரமும் இல்லாமல், அப்பாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

அப்பாவின் காதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பல்லாண்டுகள் குழாய்க்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருந்தவர். பரிசோதனையில் வரைந்து கொடுத்த கோடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சலால் கெடும் காது முதலில் அந்த இடத்தில்தான் கெடும் என்று மருத்துவர் விளக்கினார். ச, த, ஸ போன்ற ஒலிகளின் கூர்மை அந்தப் பக்கத்தில் இருப்பதால், பேச்சில் மெய்யெழுத்துகள் கரைந்து உயிரெழுத்துகளே அவரிடம் போய்ச் சேருகின்றன. நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, புரிவதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் நாங்கள் கத்தினோம். கத்தக் கத்த உயிரெழுத்துகள் மட்டும் பெரிதாயின. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

அத்தை மகன் கேட்ட கேள்வி அந்த மதியம் எனக்கு நினைவுக்கு வந்தது. அலுவலகத்துக்கென்று வாங்கிய பெரிய ஹெட்ஃபோனை எடுத்து வந்து, "ஒரு பாட்டு கேக்குறீங்களாப்பா?" என்று சைகையோடு கேட்டேன். வாங்கி முதலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; உறையை அழுத்திப் பார்த்தார்; யூனிட் எத்தனை அங்குலம் என்று விரலால் அளந்தார். பிறகு மாட்டிக்கொண்டார். நான் 'ப்ராமிசஸ்' போட்டு ஒலியை ஏறத்தாழ முழுவதும் ஏற்றினேன்.

முதல் நிமிடத்தில் "ஓடலையே தம்பி" என்றார். ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஏழு சுரங்கள் மெல்லியவை, அவற்றின் மினுக்கத்தின் கூர்மை அவருடைய காதில் விழுந்த பள்ளத்தில் கரைந்துபோகிறது என்பதை நான் அப்போது உணர்ந்தேன். கைப்பேசியில் நகரும் கோட்டைக் காட்டினேன். அவர் தலையசைத்துவிட்டுக் காத்திருந்தார். சாக்ஸஃபோன் எழுந்ததும் அவருடைய முகம் மாறியது. டெனர் சாக்ஸஃபோன் ஏறக்குறைய ஆண்குரலின் எல்லைக்குள் ஒலிக்கும் வாத்தியம். அவருக்கு இன்னும் மிஞ்சியிருக்கும் காது அந்த எல்லைதான். என்னை இரண்டு முறை சலிப்படையச் செய்த மின்னணு மினுக்கம் முழுவதும் வடிகட்டப்பட்டு, எண்பதை நெருங்கிய ஒரு மனிதர் தனியாக ஊதுவது மட்டும் அவரை அடைந்துகொண்டிருந்தது. நான் கேட்டிராத ஓர் ஆல்பத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான்காம் பகுதியில் சாண்டர்ஸ் வாத்தியத்தை இறக்கிவிட்டு, வாயால் ஏதோ முனகுகிறார். சொல் இல்லை, குழந்தையைத் தூங்க வைக்கிறவர் தனக்குள் பாடிக்கொள்வதைப் போன்ற ஒலி. பேருந்தில் அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அப்பா கண்ணைத் திறந்தார். "மனுசன் வாயைத் தொறந்துட்டாரு" என்றார். பிறகு வலது கையை எடுத்துத் தன் உதட்டுக்கு முன்னால் நிறுத்தி, நான்கு விரலில் இரண்டை மடக்கிக் காட்டினார். "நாலு இல்ல. ரெண்டு விரக்கடைதான். கூட்டத்துக்கு வாசிக்கல தம்பி. பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்காரு, அவருக்கு வாசிக்கிறாரு."

இறுதிக்கு முன்னால் எட்டாம் பகுதி தேய்ந்து முடிந்து, ஒன்றும் ஒலிக்காத நீண்ட இடைவெளி ஒன்று வருகிறது. எனக்குப் பதற்றமாக இருந்தது. அவர் கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். அவருடைய வலது கை திண்ணையிலிருந்து எழுந்து, இடுப்பு உயரத்தில், ஒரு சாண் தள்ளி, காற்றில் போய் நின்றது. ஆம்ப்ளிஃபையரின் குமிழ் இருந்த இடம் அது. விரல்கள் எதையும் திருகவில்லை. சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டு, கை மெதுவாகத் திரும்பி மடியில் அமர்ந்தது. அதன் பிறகு வயலின்கள் எழுந்து ஒன்பதாம் பகுதி முடிந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "நடுவுல செட்டு நின்னுச்சே, வேணும்னே விட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். அந்த ஊதுகிறவர் இருக்கிறாரா என்று கேட்டார். 2022-இல் இறந்துவிட்டார் என்று கைப்பேசியில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

இரண்டு விரற்கடை

அன்றிலிருந்து எந்த ஆல்பத்தைக் கேட்டாலும், மைக் எங்கே இருக்கிறது என்ற கேள்வியோடுதான் கேட்கிறேன். ராகம், தாளம், பாடல் வரி என்று எனக்குத் தெரிந்த அளவுகோல்களை நான் கைவிடவில்லை. ஆனால் பாடுகிறவர் எங்கே நிற்கிறார், யாருக்குப் பாடுகிறார், அவரும் பக்கத்தில் இருப்பவரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்களா என்ற கேள்வி மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிட்டது. முன்பு நான் உறுதியோடு சொன்ன பல கருத்துகளை அது கலைத்துப்போட்டது.

எடுத்துக்காட்டாக, நம் செவ்வியல் இசையை ஜாஸோடு கலக்கும் சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்'. 1977-க்குப் பிறகு 46 ஆண்டுகள் கழித்து 2023-இல் அவர்கள் வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பம் அது. 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி விருது கிடைத்தபோது எங்கள் வட்டாரத்திலும் செய்தி பரவியது. கிதார் ஜான் மெக்லாஃப்லின், தபேலா ஜாகிர் உசேன் என்ற பெயர்களைவிட, கடம் விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் ராஜகோபாலன் என்ற பெயர்களே எங்களுக்கு நெருக்கம். நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டாடினேன். தாளக் கணக்கும், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலும், கிதாரும் ஒன்றையொன்று துரத்தும் வேகம் பேருந்தின் எந்த இரைச்சலையும் வென்றுவிடும். இப்போது ஹெட்ஃபோனில் அமர்ந்து கேட்கும்போது வேறொன்று தெரிகிறது. கலைஞர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து தத்தம் பகுதியைப் பதிவு செய்து அனுப்பி உருவான ஆல்பம் அது. ஒவ்வொருவருக்கும் மிகத் துல்லியமான, மிக நெருக்கமான மைக். ஆனால் தபேலாவைச் சுற்றியுள்ள காற்றும் வயலினைச் சுற்றியுள்ள காற்றும் ஒன்றல்ல. ஒருவர் முடிக்கும் இடத்தில் மற்றவர் சிரிப்பது, ஆகா என்பது, தொடையில் தட்டுவது ஒன்றுமே உள்ளே வரவில்லை. அந்தக் குழுவின் உயிரே அந்தச் சிரிப்பில் இருந்தது என்று அவர்களுடைய மேடைக் கச்சேரிகளைக் காணொளியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனெனில் 2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்துவிட்டார். அந்த ஐவரும் சேர்ந்து இன்னொரு ஸ்டூடியோவுக்குள் போக இனி வழியில்லை. 2014-இல் மறைந்த மாண்டலின் சீனிவாசுக்கு அஞ்சலியாக அதில் ஒரு பாடல் இருக்கிறது. முன்பு தாண்டிப் போன அந்தப் பாடலில்தான் இப்போது நான் அதிக நேரம் நிற்கிறேன்.

நேர் எதிரான ஆல்பம், நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யா 2024 நவம்பரில் வெளியிட்ட 'டாட்டர் ஆஃப் அ டெம்பிள்'. முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களை அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகருக்கு வரவழைத்து, ஒரே அரங்கில் கூட்டிப் பதிவு செய்திருக்கிறார். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'அ லவ் சுப்ரீம்' அதில் நம் நாமசங்கீர்த்தனத்தைப் போல வந்து சேர்கிறது. அவருடைய மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971-இல் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வும் வேறு உருவத்தில் வருகிறது. ஆலிஸின் அந்த மூல ஆல்பத்தில் சாக்ஸஃபோன் வாசித்தவர் ஃபரோவா சாண்டர்ஸ். இதை அறிந்த அன்று இரவு மூன்று ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டேன். கானவ்யாவின் ஆல்பத்தில் மைக் சில இடங்களில் எட்ட இருக்கிறது. அறை கேட்கிறது, பாடுகிறவர்களுக்கிடையில் உள்ள தொலைவு கேட்கிறது. இங்கே பந்தல்தான் பாட்டு. குறையும் இருக்கிறது. சில பகுதிகள் அங்கே இருந்தவர்களுக்கு நிகழ்ந்த அனுபவத்தின் எச்சமாக மட்டுமே நமக்கு வந்து சேருகின்றன; சத்சங்கம் முடிந்து வெற்றிலை கொடுக்கும் நேரத்தில் உள்ளே நுழைந்தவனைப் போல நான் நிற்க நேர்கிறது. ஆனால் அவர் குரல் கூட்டத்திலிருந்து பிரிந்து, ஒரு தமிழ் வரியோடு தனியே காதருகே வரும் இடங்களுக்காக அதை எத்தனை முறையும் கேட்கலாம்.

அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' 2024-இல் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தன் பாட்டியின் பெயரை ஆல்பத்துக்கே சூட்டியிருக்கிறார். எங்கள் கரையில் உள்ளவர்களுக்கு இது தொலைதூரக் கதை இல்லை. 1964-ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, அந்தத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில்தான் இறங்கின. மண்டபம் முகாமில்தான் தங்க வைக்கப்பட்டன. மண்டபத்தைத் தாண்டும் ரயிலில் அந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கிறேன். ராப் என்றால் கூட்டத்தை நோக்கிய உரத்த பேச்சு என்றே எண்ணியிருந்தேன். அறிவிடம் அந்த உரத்த குரலும் இருக்கிறது. ஆனால் உறவு சொல்லி அழைக்கும் இடங்களில் குரல் தாழ்ந்து, நான்கு விரல் இரண்டாகிறது. அந்த இடங்களை இன்னும் கூட்டியிருக்கலாம் என்பதுதான் எனக்குள்ள ஒரே மனக்குறை.

இந்தக் கேள்வி என்னைப் பழைய பதிவுகளுக்கும் இழுத்துச் சென்றது. எங்கள் ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சுமந்த கர்நாடக இசைப் பாடகர் ராம்நாட் கிருஷ்ணன், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப் போன காலத்தை ஒட்டி, 1960களின் இறுதியில் நான்சச் நிறுவனம் அவருடைய பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. மென்மையான குரல், அவசரமில்லாத ராகம். அப்பாவின் குழாயில் அது ஒரு தெருவைக்கூடத் தாண்டியிருக்காது. 1973-இல் தம் 54-ஆம் வயதில் மறைந்துவிட்ட அவரை எங்கள் ஊர் மைக் செட்டுகள் ஒரு நாளும் ஒலிபரப்பியதில்லை. ராமநாதபுரம் இரண்டு குரல்களைத் தந்தது, ஒன்று தொலைவுக்கு, மற்றது அருகாமைக்கு என்று நான் ஓர் அழகான முடிவுக்கு வந்தேன். ஹனீபா அங்கே, கிருஷ்ணன் இங்கே. இந்தக் கட்டுரையை அந்த முடிவோடு எழுதத் தொடங்கினேன்.

போன வாரம் அப்பா தானாகவே ஹெட்ஃபோனைக் கேட்டு வாங்கினார். என்ன போட வேண்டும் என்று சைகையில் கேட்டேன். "ஹனீபா" என்றார். 'இறைவனிடம் கையேந்துங்கள்' போட்டேன். முப்பது ஆண்டுகள், ஆயிரக்கணக்கான இரவுகள் அந்தப் பாட்டை ஊருக்கும் கடலுக்கும் அனுப்பியவர். அவர் கேட்டது எப்போதும் குழாயின் பின்புறத்திலிருந்து, ஜெனரேட்டரின் இரைச்சலுக்கு மேல். காதோடு வைத்து அந்தக் குரலைக் கேட்பது அவருக்கு அன்றுதான் முதல் முறை. பல்லவி முடியும்வரை அசையாமல் இருந்தார். பிறகு உதட்டுக்கு முன்னால் கையைக் கொண்டுபோய், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்து, இரண்டில் நிறுத்தினார்.

"கிட்டத்துலதான் நின்னு பாடியிருக்காரு" என்றார். "நான்தான் எட்டத்துல வச்சிருந்தேன்."

ஒலியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். நான் இரண்டு படி குறைத்தேன்.